பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

சென்னையில் காற்று வாங்கப் போக வேண்டிய இடங்களும் அவை பிழைத்த கதையும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குழந்தைகளோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோட்டை ஸ்டேஷனைத் தாண்டியதும் அடுத்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும். பலகையில் 'பூங்கா' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்.

"அம்மா! பூங்கா எங்கே?" என்று குழந்தை எட்டி எட்டிப் பார்க்கும்.

நாமும் பார்ப்போம். ஒரு பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கம் சாலை. சாலைக்கு அப்பால் சென்ட்ரல் ஸ்டேஷன், பஸ், ஆட்டோ, மூட்டை முடிச்சுகளோடு ஓடும் ஜனங்கள். பூங்கா என்று சொல்லிக்கொள்ள எதுவும் கண்ணில் படாது. "அதெல்லாம் பெயர்தான். பேசாமல் உட்கார்!" என்று சொல்லி, குழந்தையின் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துச் சமாதானப்படுத்தி விடுவோம்.

ஆனால் குழந்தை கேட்டது மிகவும் நியாயமான கேள்வி. அந்தப் பேட்டைக்கே பூங்கா நகர் என்றுதான் பெயர். அப்படியானால் பூங்கா எங்கே போயிற்று?

நல்ல காரியங்கள் தின்ற பூங்கா

1859-ம் வருஷம் சென்னையின் கவர்னராக இருந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். நெருக்கமான பட்டணத்து ஜனங்கள் சாயந்திர வேளையில் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 116 ஏக்கர் நிலத்தை ஒதுக்கி, 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர் வைத்தார். ஜனங்களின் பூங்கா! பதினொரு குளங்கள், ஐந்து மைலுக்கு மேல் பாதைகள், பாண்டு வாசிக்க ஒரு மேடை. சில வருஷங்களில் மிருகக்காட்சி சாலையும் அங்கே வந்து சேர்ந்தது. எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், இந்த மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் பெயர் வைத்திருந்தார்கள். உங்கள் பாட்டி சென்னைக்காரராயிருந்தால் கேட்டுப் பாருங்கள். கண்ணை அகல விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதை சொல்வார்.

அவ்வளவு பெரிய பூங்காவை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்? திருடர்கள் யாரும் வரவில்லை. எல்லாம் நல்ல காரியங்கள்தான்! ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றார்கள். விக்டோரியா மண்டபம் வந்தது. ஜனங்கள் சாமான் வாங்க ஒரு நல்ல கடைவீதி வேண்டும் என்றார்கள். 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. நகரசபைக்குக் கௌரவமான ஒரு கட்டடம் வேண்டும் என்றார்கள். 1913-ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. இளைஞர்கள் விளையாட வேண்டாமா என்றார்கள், ஸ்டேடியம் வந்தது. மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் எரிந்து போயிற்று. அந்த நிலம் மறுபடி பூங்காவாகவில்லை, ரயில்வேக்குப் போயிற்று. ஊரிலுள்ள பூங்காக்களையெல்லாம் பராமரிக்கும் கார்ப்பரேஷனின் தலைமை அலுவலகமே ஒரு பூங்காவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. பழைய பூங்காவின் மிச்சமாக, ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் மை லேடீஸ் பூங்கா என்ற சிறு தோட்டம் இருக்கிறது. மற்றபடி ஸ்டேஷன் பலகைதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூங்காவை யாரும் கெட்ட காரியத்துக்காக எடுப்பதில்லை. பள்ளிக்கூடம், ஆபீஸ், ஞாபகார்த்த மண்டபம், ரயில் என்று நல்ல காரியத்துக்குத்தான் எடுக்கிறார்கள். "இடம் சும்மாத்தானே கிடக்கிறது?" என்ற ஒரு வார்த்தை போதும்.

இந்த வார்த்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணி வரை உழைக்கும் பெண்மணியைப் பார்த்து, "நீ வீட்டில் சும்மாத்தானே இருக்கிறாய்?" என்று கேட்கிறார்களே, அதே வார்த்தைதான்! பூங்காவின் கஷ்டம் மற்றவர்களைவிட நமக்கு நன்றாகப் புரிய வேண்டும். அதனால்தான் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் எஞ்சியிருக்கும் பசுமையான இடங்களுக்கு உங்களை அழைத்துக்கொண்டு போகலாம் என்று புறப்பட்டிருக்கிறேன். போகிற வழியில் அவை எப்படித் தப்பிப் பிழைத்தன என்பதையும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

பட்டணத்துக்குள் ஒரு காடு

முதலில் கிண்டி. நகரத்துக்கு நடுவில் தேசிய வனப் பூங்கா இருப்பது எவ்வளவு அபூர்வமான விஷயம் என்பது நமக்குத் தெரிவதில்லை. தினமும் பஸ்ஸில் அந்த மதில் ஓரமாகப் போய் வருகிறோம். அதற்குள்ளே புள்ளிமான்களும், திருகிய கொம்புகளையுடைய வெளிமான்களும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. சோழமண்டலக் கடற்கரை முழுவதும் ஒரு காலத்தில் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் கடைசி மிச்சங்களில் அது ஒன்று.

அந்தக் காலத்தில் அது கவர்னர் மாளிகையைச் சேர்ந்த வேட்டைக் காடு. 1910-ல் சுமார் 505 ஹெக்டேர் நிலம் காப்புக்காடு ஆயிற்று. இன்று தேசியப் பூங்காவாக இருப்பது சுமார் 270 ஹெக்டேர்தான். மற்றது எங்கே என்று கேட்கிறீர்களா? அதுவும் நல்ல காரியங்களுக்குத்தான்! 1958-ல் ஒரு பகுதி தொழில்நுட்பக் கழகத்துக்குப் போயிற்று. பிறகு வேறு கல்வி ஸ்தாபனங்களுக்கும் ஞாபகார்த்த மண்டபங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவைதான். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படியே விட்டிருந்தால் இன்னும் இருபது நல்ல காரியங்கள் வந்திருக்கும். கிண்டியில் ஒரு மானும் இருந்திராது. 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, "இதற்கு மேல் இல்லை" என்று ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோடுதான் மான்களைக் காப்பாற்றியது.

நடுக்காட்டுக்குள் எல்லோரும் நினைத்தபோது போய்விட முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. மான்களும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும். நமக்காக ஓரத்திலேயே சிறுவர் பூங்கா இருக்கிறது. நேரு கேட்டுக்கொண்டதன் பேரில் அதற்கு நிலம் ஒதுக்கினார்கள். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்த அந்தப் பண்ணை, 1972 முதல் கிண்டியில் இருக்கிறது. பாம்பு என்றால் அலறுகிற குழந்தைகளைத்தான் அவசியம் அழைத்துப் போக வேண்டும். நல்ல பாம்பு எது, சாரை எது, விரியன் எது என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நிதானமாகத் தெரிந்துகொண்டு வந்தால் பாதி பயம் போய்விடும். குழந்தைக்கு மட்டுமல்ல, கூடப் போகிற தகப்பனாருக்கும்தான்!

ஒரு யோசனை. சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது வழக்கம். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வாசல் வரை போய்த் திரும்பினால் குழந்தைகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

ஹோட்டல் போய்த் தோட்டம் வந்தது

பூங்கா போய்க் கட்டடம் வந்த கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் மனசு சோர்ந்துவிடும். தலைகீழாக நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

கதீட்ரல் சாலையில், அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் 1962 முதல் நடந்து வந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால், காரிலேயே தட்டைக் கொண்டுவந்து மாட்டிப் பூரியும் காபியும் கொடுப்பார்கள். அங்கே பெண் பார்த்துக் கல்யாணம் நிச்சயமான தம்பதிகள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். 2008-ல் ஹோட்டல் மூடப்பட்டது. நகரத்தின் நடுமையத்தில் இருபது ஏக்கர்! தங்கத்தை விட விலை உயர்ந்த நிலம். இதில் எத்தனை மாடிகள் எழும்பப் போகின்றனவோ என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. எழும்பியது தாவரவியல் பூங்கா! 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது.

ஹோட்டல் இருந்த காலத்து மரங்களில் பல அப்படியே நிற்கின்றன என்பதுதான் அதன் அழகு. மூலிகைத் தோட்டம், போன்சாய்க் குறுமரங்கள், அல்லிக் குளம் எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் உண்டு. 2024-லும் 2025-லும் அங்கே நடந்த மலர்க் காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. சாலைக்கு எதிர்ப்புறத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டது. வேடிக்கையும் விளையாட்டும் வேண்டுமென்றால் அந்தப் பக்கம். நிதானமாக மரம் செடிகளைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம். வீட்டில் இரண்டு கட்சியும் இருந்தால், பாதிப் பாதியாகப் பிரிந்து போய்விட்டு வாசலில் சந்தித்துக்கொள்ளுங்கள்!

கோபுரம் ஏறலாம், படகு விடலாம்

அண்ணா நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு விசுவேசுவரய்யா கோபுரப் பூங்கா தெரியாமல் இருக்காது. 1968-ல் அங்கே சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி நடந்தபோது கட்டிய கோபுரம் அது; உயரம் 135 அடி. சுற்றிச் சுற்றி ஏறிப் போனால், சென்னையில் இத்தனை மரங்களா என்று ஆச்சரியமாயிருக்கும். பாதுகாப்பை முன்னிட்டு 2011-ல் கோபுரத்தை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. கம்பித் தடுப்புகள் போட்டுச் செப்பனிட்டு 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கீழே குளத்தங்கரையில் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர்களின் செருப்புகளைக் காவல் காக்கலாம்.

சேத்துப்பட்டிலும் அப்படி மீட்டெடுத்த ஓர் இடம் இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரி, மாம்பலம் ஏரி என்று பள்ளிக்கூடப் பாடம் போல ஒப்பிக்கும்படியாக அக்காலத்தில் நகரத்துக்குள் ஏரிகள் இருந்தன. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நகர நடுவில் தப்பித்தது சேத்துப்பட்டு ஏரி. குப்பையும் ஆகாயத் தாமரையுமாக வெகு காலம் கிடந்த அந்த ஏரியைச் சுத்தம் செய்து, சுற்றிலும் நடைபாதை போட்டு, 2016-ல் திறந்தார்கள். படகு விடுகிறார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிக்கவும் வசதி செய்தார்கள். பொறுமை என்றால் என்ன என்பதைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தூண்டிலைப் போல் நல்ல வாத்தியார் கிடையாது.

அடுத்த தெருவில் இருக்கும் புதையல்

பெரிய பூங்காக்களுக்கு மாதம் ஒரு முறை போகலாம். தினமும் போக வேண்டியது, நம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பூங்காதான். இவற்றின் பெயர்களுக்குள்ளேயே ஊரின் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

மயிலாப்பூர் லஸ் பக்கத்திலுள்ள நாகேசுவர ராவ் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தலைவலி வந்தால் தடவிக்கொள்ளும் அமிர்தாஞ்சனத்தை உண்டாக்கியவர்தான் அந்த நாகேசுவர ராவ். 'ஆந்திர பத்திரிகா'வை நடத்திய தேசபக்தரும் கூட. ஊர் தலைவலியைத் தீர்த்தவர் பெயரால் மனவலியைத் தீர்க்க ஒரு பூங்கா! தனியார் கம்பெனி ஒன்று பல வருஷங்களாக அதைப் பராமரித்து வந்திருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னஞ்சிறு குழந்தைகள் ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் கச்சேரியும் அங்கே வழக்கமாகியிருக்கிறது. டிக்கெட் கிடையாது. நடந்துகொண்டே கேட்கலாம்; பிடித்தால் நின்று கேட்கலாம்.

தியாகராய நகர்ப் பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாயிருந்த பனகல் ராஜாவின் பெயரைத் தாங்கியது. ராயபுரத்து ராபின்ஸன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. பூங்கா என்றால் சுண்டல் தின்கிற இடம் மட்டும் அல்ல. பத்துப் பேர் கூடிப் பேசுவதற்கும் ஊரில் ஓர் இடம் வேண்டாமா?

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2011-ல் மெட்ரோ ரயில் வேலைக்காக அதை மூடினார்கள். பல வருஷமாக நிழல் கொடுத்த மரங்கள் போயின. பூமிக்கடியில் ஸ்டேஷன் எழுந்தது. "இதோ, இப்போது திறந்துவிடுவோம்" என்று ஒவ்வொரு வருஷமும் ஓடிற்று. பேட்டைக்காரர்கள் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2023-ல் பூங்கா மறுபடி திறந்தது. பூங்கா மூடியபோது கைக்குழந்தையாயிருந்த பிள்ளை, அது திறந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்திருப்பான்! சறுக்கு மரத்தில் சறுக்க வேண்டிய வயது திரும்பி வருமா? மெட்ரோ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். பனகல் பூங்காவின் ஒரு பகுதியும் சமீப வருஷங்களில் மெட்ரோ வேலைக்காக அடைபட்டது. திரு.வி.க. பூங்காவுக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் அது திரும்பி வந்தது. யாரும் வராத பூங்காவாயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

பூட்டிய வாசல்

சகோதரிகளே! இந்த இடத்தில் உங்கள் காதில் மட்டும் ஒரு விஷயம். நமக்கு ஓய்வு கிடைப்பது எப்போது? கணவரும் குழந்தைகளும் கிளம்பி, சமையலறையை ஒழித்துப் போட்ட பிறகு, பகல் பதினொரு மணிக்கு மேல்தான். நம் ஊரில் பல பூங்காக்கள் விடியற்காலையில் திறந்து, வெயில் ஏறியதும் பூட்டி, சாயந்திரம் மறுபடி திறப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. காலையில் டப்பாவில் சாதம் கட்டும் நேரத்திலும், மாலையில் டிபன் செய்யும் நேரத்திலும் பூங்கா திறந்திருந்தது. நமக்கு ஒழிவு கிடைத்தால் வாசலில் பூட்டு! இந்த நேரத்தை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் வீட்டுச் சமையலை வேறு யாரோ செய்திருக்க வேண்டும்.

உங்கள் பேட்டைப் பூங்காவில் இன்றைக்கு நேரம் எப்படி என்று விசாரியுங்கள். பகலில் பூட்டுகிறார்கள் என்றால், திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே இன்னும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சுத்தமான கழிப்பறை இருக்கிறதா? இருட்டியதும் விளக்கு எரிகிறதா? சாய்ந்து உட்கார நிழலில் பெஞ்சு இருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாவிட்டால், வாசல் திறந்திருந்தாலும் பெண்களுக்கு அது பூட்டிய பூங்காதான்.

பழைய மரம், புதிய காடு

அடையாறு ஆற்றின் தென்கரையில் பிரும்மஞான சபையின் பெரிய தோட்டம் இருக்கிறது. 1882-ல் இருபத்தேழு ஏக்கரோடு ஆரம்பித்து, இன்று சுமார் 260 ஏக்கராக விரிந்திருக்கிறது. அங்கேயுள்ள ஆலமரத்தின் வயது ஏறக்குறைய நானூற்றைம்பது என்கிறார்கள். 1989-ல் அடித்த ஒரு புயலில் அதன் தாய்மரம் விழுந்துவிட்டது. ஆனால் மரம் சாகவில்லை! விழுதுகள் தரையில் ஊன்றி, ஒவ்வொன்றும் ஒரு மரமாகி, அம்மாவின் இடத்தைச் சுற்றி நிற்கின்றன. அது சபையின் சொந்த இடமாகையால் பார்வையாளருக்கு நேரமும் விதியும் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே சத்தம் போட யாருக்கும் மனம் வராது. குழந்தைகள் கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் உப்பங்கழியைச் சீர்படுத்தி, இந்த மண்ணுக்கே உரிய மரங்களையும் செடிகளையும் நட்டு, 2011-ல் திறந்தார்கள். இந்த மண்ணுக்குரிய மரம் என்பது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. நம் தெருவில் விழுந்தவை பெரும்பாலும் எங்கிருந்தோ கொண்டுவந்து சீக்கிரம் வளரும் என்று நட்ட மரங்கள். வேம்பும் புங்கையும் அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை என்று மரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். வீட்டு வாசலில் கன்று நடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே போனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். "இடம் சும்மாத்தானே கிடக்கிறது" என்ற வார்த்தைக்கு அதைப் போல் அடிபட்ட நிலம் வேறு கிடையாது. ஒரு பக்கம் குப்பையைக் கொட்டினார்கள். மற்றப் பக்கங்களில் கட்டடங்கள் எழும்பின. சும்மாவா கிடந்தது? தென்சென்னையில் பெய்யும் மழையையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது! 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் அந்த வேலையின் அருமை பலருக்குத் தெரிந்தது. 2022-ல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் போனால் பூநாரைகளைக் காணலாம். இளஞ்சிவப்புப் பட்டுப் புடவையைத் தண்ணீரில் விரித்துப் போட்டாற்போல் கூட்டமாக நிற்கும்.

கட்டுச் சோறு கட்டுங்கள்

ஒரு நாள் முழுதும் ஒழிவு கிடைத்தால் ஊருக்கு வெளியே போகலாம்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலை வேறெதுவும் இல்லை. பூங்கா நகரில் இடம் போதாமல் தவித்த நமது பழைய 'உயிர்க் காலேஜ்'தான்! 1985-ல் அங்கே பெரிதாகக் குடியேறியது. 116 ஏக்கர் பூங்காவின் ஒரு மூலையில் கூண்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பிராணிகளுக்கு 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,490 ஏக்கர் கிடைத்தது. நடக்க முடியாதவர்களுக்கு மின்கல வண்டி உண்டு. மின்சார ரயிலிலேயே வண்டலூர் வரை போய்விடலாம். அங்கேயும் செவ்வாய்க்கிழமை விடுமுறை வழக்கம்.

அதற்கும் தெற்கே, சென்னையிலிருந்து சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டரில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல். கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். மாலை நாலு மணிக்குப் போய் ஏரிக் கரையில் நில்லுங்கள். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா என்று வகை வகையாகக் கூட்டம் கூட்டமாக மரங்களுக்குத் திரும்பும் காட்சி இருக்கிறதே, அடடா! கல்யாணப் பந்தியில் கூட அவ்வளவு சத்தம் கிடையாது.

அந்தப் பறவைகளை யார் காப்பாற்றினார்கள் தெரியுமா? கிராமத்து ஜனங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். கிராமத்தார் கூடிப் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளை யாரும் தொடக்கூடாது என்று எழுத்து மூலமாகவே கொடுத்தார். சட்டம், சரணாலயம் என்ற பேச்செல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்த சங்கதி இது. கிராமத்தாருக்கு அப்படி என்ன அக்கறை என்றால், அவர்களுக்குக் கணக்குத் தெரியும். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே எரு. மற்றவர்கள் "வெறும் கொக்கும் நாரையும்தானே" என்று நினைத்ததை, அவர்கள் வேலை செய்யும் கூட்டாளியாகப் பார்த்தார்கள்.

நம் தெருவின் மூலை நிலம்

நகரத்திலும் நமக்குக் கைகொடுக்க எழுத்து உண்டு. பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் திறந்த வெளிகளையும் பாதுகாப்பதற்காக 1959-லேயே நம் மாநிலத்தில் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். சென்னைப் பெருநகரப் பகுதியில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிக்கிறவர்கள், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு விட்டே ஆக வேண்டும் என்பதும் விதி. உங்கள் தெரு மூலையில் முள்ளும் புதரும் மண்டி, யாரோ செங்கல் அடுக்கி வைத்திருக்கும் நிலம் ஒருவேளை அப்படி விடப்பட்டதாக இருக்கலாம். வீடு வாங்கியபோது கொடுத்த மனைப் பிரிவு வரைபடம் பீரோவில் பத்திரங்களோடு இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் 'பூங்கா' என்று எழுதியிருந்தால், அண்டை வீட்டுப் பெண்மணிகள் நாலு பேராகச் சேர்ந்து வட்டார அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். வேடந்தாங்கல்காரர்கள் வேறு என்ன செய்தார்கள்? கூடிப் போய்க் கேட்டார்கள், எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சுலபமான காரியம் ஒன்று இருக்கிறது. பூங்காவுக்குப் போவதுதான்! நாளைக்கே போங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் பொரி, முடிந்தால் பக்கத்து வீட்டு மாமியையும் அழைத்துக்கொள்ளுங்கள். காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பிறகு கால் தானாகக் கடைக்குத் திரும்பிவிடும். நிழலுள்ள பெஞ்சாகப் பார்த்து அரை மணி நேரம் உட்காருங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும், "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்பார்கள். "பூங்காவுக்கு" என்று சொல்லுங்கள்.

"அங்கே உனக்கு என்ன வேலை?" என்று அடுத்த கேள்வி வரும்.

"ஒரு வேலையும் இல்லை. அதற்காகத்தான் போனேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்ற வையுங்கள்.